கடல் பார்த்த அறை

“படுத்தபடியே பார்க்கலாம் ஸார்! தலையணையிலிருந்து தலையைத் தூக்க வேண்டாம். கண்ணைத் திறந்தால் கடல்!”

கன்னியாகுமரி ஜில்லாவின் பாறைக் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் மூன்று நாள் குடும்பத்தோடு தங்கிவிட்டு வந்த நண்பர் ஒருவர் என்னிடம் இப்படிச் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் தெரிந்த பரவசத்தைப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. முடியாமல் கிடந்த ஒரு நாவலின் கடைசி அத்தியாயங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு, ஓர் ஏப்ரல் மாதத்தில் நானும் போனேன். நாலு நாள் தங்கினேன். நானும் படுத்தபடியே பார்த்தேன். ஆகவே நான் இப்போது எழுதப்போவது வேலிக்கு வெளியே நின்று கல்லெறிகிறவனின் பேச்சு அல்ல. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தவனின் பேச்சு. அதனாலேயே கோபம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்; பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கடலைப் படுத்துக்கொண்டு பார்க்க வேண்டும் என்று நமக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? கோயிலுக்குப் போகிறவன் கர்ப்பக்கிருகத்துக்கு எதிரே கட்டில் போடச் சொல்வதில்லை. கச்சேரிக்குப் போகிறவன், தூங்குவதற்கென்றே போகிறவன்கூட, உட்கார்ந்தபடிதான் தூங்குகிறான். கடல் ஒன்றுதான் நம் கால்மாட்டில் வந்து கைகட்டி நிற்க வேண்டுமாம்!

ஹோட்டலின் பெயரையும் ஊரின் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. சொன்னால், ‘ஓகோ, அந்த ஒரு இடம் மோசம் போலிருக்கிறது, நாம் வேறு இடத்துக்குப் போவோம்’ என்று வாசகர்கள் நிம்மதியாகிவிடுவார்கள். அந்த நிம்மதியைக் கொடுப்பதாக எனக்கு உத்தேசம் இல்லை. ஹோட்டல் நல்ல ஹோட்டல். சாப்பாடு ருசியாக இருந்தது. சிப்பந்திகள் மரியாதை தெரிந்தவர்கள். என் சண்டை அந்த ஹோட்டலின் குறைகளோடு அல்ல. அது எதை நிறைவாகச் செய்ததோ, அதனோடு.

முதலில் அந்தக் கரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சென்னைவாசிகளுக்குக் கடற்கரை என்றால் மணல். மெரினாவில் கால் ஓய நடந்தாலும் ஒரு பாறை தட்டுப்படாது. கன்னியாகுமரியிலிருந்து மேற்கே மணக்குடி, முட்டம், கடியப்பட்டணம், குளச்சல் என்று போகிற கரை அந்த ஜாதி அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலை தன் தெற்குக் கோடியில் ஓய்ந்துபோய்க் கடலுக்குள் கால் நீட்டிக் கிடக்கிற இடம் அது. யானை படுத்த மாதிரி ஒரு பாறை. அதன்மேல் சாய்ந்தாற்போல் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் வாய்க்கால் அகலத்துக்குத் தண்ணீர் புகுந்து, திரும்ப வழி தெரியாமல் எழும்பி, வெள்ளையாய் உடைந்து விழும். முட்டத்துப் பாறைகளைத் தெரியாத தமிழர் உண்டா? பாரதிராஜாவின் படங்கள் 1980களில் அவற்றை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டிவிட்டனவே!

இந்தப் பாறைகளுக்கு நடுவே அங்கங்கே, முந்தானையை விரித்த அளவுக்குச் சின்னச் சின்ன மணல் துண்டுகள். ‘ஆகா, என்ன அழகு!’ என்று நாம் காமிராவைத் தூக்குவது அங்கேதான். அந்த அழகுக்கு அர்த்தம் என்ன என்று யோசித்ததுண்டா? வள்ளத்தைக் கரையேற்ற அந்த ஊருக்கு வேறு இடம் இல்லை என்பதுதான் அர்த்தம். நாகப்பட்டினத்துப் பக்கம் ஒரு பங்களாக்காரர் மணலை வளைத்துக்கொண்டால், மீனவன் திட்டிக்கொண்டே இருநூறு கஜம் தள்ளிப் போய்ப் படகை இழுத்துவிடுவான். பாறைக் கரையில் தள்ளிப் போனால் பாறைதான். காட்சி விற்கிறவருக்கு எந்த இடம் வேண்டுமோ, அதே இடம்தான் தொழில் செய்கிறவனுக்கும் வேண்டும். கரை எவ்வளவுக்கெவ்வளவு கரடுமுரடோ, அவ்வளவுக்கவ்வளவு அறை வாடகை உயரும்; அவ்வளவுக்கவ்வளவு மீனவனுடைய வாசலும் குறுகும். நான் சொல்ல வந்தது இந்த ஒரு கணக்குத்தான். மற்றதெல்லாம் இதற்குச் சாட்சி.

பாறைகள் சும்மா நிற்பதாகவும் நினைக்க வேண்டாம். தண்ணீருக்குள் முங்கியிருக்கும் பாறையில் சிப்பி விளைகிறது. பையன்கள் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கையில் ஓர் இரும்புக் கம்பியோடு முங்கி, மூச்சுத் தாங்கும் மட்டும் சிப்பியைப் பெயர்த்து வலைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வருகிறார்கள். சதை சந்தைக்குப் போகிறது. ஓடு சுண்ணாம்புக்குப் போகிறது. கரைமேல் உயர்ந்து நிற்கும் பாறையோ, நடுக்கடலில் இருக்கிறவனுக்கு அடையாளம். இந்தப் பாறைக்கு நேராக அந்த மாதா கோயில் கோபுரம் வந்தால், அடியில் மீன் அடைகிற பார் இருக்கிறது என்று அவன் கணக்குப் பண்ணுகிறான். ‘கணியம்’ என்று அதற்குப் பெயர். தகப்பன் மகனுக்கு விட்டுப் போகிற சொத்து. எந்தப் பத்திர ஆபீஸிலும் பதிவாகாத சொத்து. நாம் ‘சீனரி’ என்கிறோமே, அதில் ஒவ்வொரு கல்லுக்கும் அந்த ஊரில் ஓர் உபயோகம் இருக்கிறது.

இனி ஹோட்டலுக்குள் போவோம்.

அறைகள் இரண்டு தினுசு. தோட்டம் பார்த்தது ஒன்று, கடல் பார்த்தது ஒன்று. கட்டில் அதே கட்டில், மேஜை அதே மேஜை, குளிக்கிற சோப்புக் கட்டிகூட அதே. கடல் பார்த்ததற்கு மட்டும் நாளொன்றுக்கு 2,200 ரூபாய் கூடுதல். கட்டிலும் மேஜையும் ஒன்றானால் இந்த 2,200 எதற்கு விலை? கடலுக்குத்தான். அதை இவர்கள் எந்த மண்டியில் கொள்முதல் செய்கிறார்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கொடுத்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

ஜன்னல் என்றால் திறக்கிற ஜன்னல் அல்ல. தரையிலிருந்து விட்டம் வரை ஒரே கண்ணாடி. உப்புக் காற்று சாமான்களை அரித்துவிடும், ஏ.ஸி. வீணாகிவிடும் என்று அடைத்தே வைத்திருந்தார்கள். எதிரே பனை உயரத்துக்கு அலை எழுந்து பாறையில் மோதுகிறது, சத்தம் இல்லை. பழைய காலத்து ஊமைப் படம் பார்ப்பதுபோல் இருந்தது. கடலின் சத்தம் வேண்டுமானால் கீழே புல்தரைக்கு இறங்கிவர வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் அந்தப் புல்தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது மானேஜர் வந்தார். இளைஞர், பவ்வியமானவர். “ஏதாவது குறை உண்டா ஸார்?” என்று கேட்டார். எழுத்தாளனுக்கு நாலு பேர் முன்னால் சாதாரணமாகப் பதில் சொல்லத் தெரியாதே! “குறை ஒன்றும் இல்லை, காற்றுத்தான் கொஞ்சம் கருவாடாக வருகிறது” என்றேன். பக்கத்து நாற்காலிகளில் இருந்த தம்பதிகள் சிரித்தார்கள். மானேஜரும் சிரித்தார். என் ஹாஸ்யத்தை நானே ரசித்துக்கொண்டு தூங்கப்போனேன்.

மறுநாள் காலையில் ஜன்னல் வழியே பார்த்தேன். பாறைக்கு இந்தப் பக்கம், மேட்டில், பனம்பாய்கள் விரித்து நெத்திலி உலர்த்தியிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் கம்பை வைத்துக்கொண்டு காக்கை ஓட்டிக்கொண்டிருந்தாள். மத்தியானம் பார்த்தபோது பாயும் இல்லை, நெத்திலியும் இல்லை, பெண்ணும் இல்லை. ‘காய்ந்துவிட்டது போலிருக்கிறது’ என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது அப்போது எவ்வளவு சௌகரியமாக இருந்தது!

மூன்றாம் நாள் காற்றே இல்லை. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பாறைப் பக்கம் இறங்கலாம் என்று நான் புறப்பட்டதைப் பார்த்துவிட்டு வாட்ச்மேன் ஓடிவந்தார். ஐம்பது வயது இருக்கும்.

“இண்ணைக்குக் கீழ்ப்பாறைக்குப் போவண்டாம் சார். கள்ளக்கடலு.”

கள்ளக்கடல்! என்ன அருமையான சொல்! ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், தென் சமுத்திரத்தில் எங்கேயோ அடித்த புயல் கிளப்பிவிட்ட அலை, நாள்கணக்காக யாத்திரை செய்து, இங்கே காற்றோ மழையோ இல்லாத ஒரு வெயில் நாளில் திருடனைப்போல வந்து கரை ஏறும். மீனவர்கள் வைத்த பெயர் அது. 2012இல் யுனெஸ்கோவே அதை விஞ்ஞானச் சொல்லாக ஏற்றுக்கொண்டது. ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் நிலையம் இப்போதெல்லாம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. அப்படி எச்சரிக்கை இருந்த ஒரு நாளில்தான், 2024 மே 6ஆம் தேதி, இதே ஜில்லாவில் கணபதிபுரத்துக் கடற்கரையில் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோயிற்று. என் ஹோட்டலின் முன் மேஜையில் ஒரு பலகை இருந்தது. சூரியோதயம் எத்தனை மணிக்கு, அஸ்தமனம் எத்தனை மணிக்கு என்று நிமிஷ சுத்தமாக எழுதியிருந்தார்கள். கள்ளக்கடலைப் பற்றி ஒரு வரி இல்லை. அதைச் சொல்ல இந்த மனிதர்தான் வாசலிலிருந்து ஓடிவர வேண்டியிருந்தது.

விசாரித்தேன். அதே ஊர்க்காரர், கடலோடி. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்ததே, அந்த ஜில்லாக் கரையிலிருந்து போனவர்கள் எத்தனையோ பேர் திரும்பாமலே போனார்களே, அந்தப் புயலில் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை நாள் கிடந்து திரும்பியவர். அதற்குப் பிறகு வீட்டில் கடலுக்கு விடவில்லையாம். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டில் நிற்கிறார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கேட்டுக்கு வெளியே ஒரு கிழவி வந்து நின்றாள். இடுப்பில் காலிக் கூடை.

“மக்களே, கொஞ்சம் தொறந்து விடு. எனக்க மவன் சிப்பிக்குப் போயிருக்கான். கடலு ஒரு மாதிரியா கெடக்கு.”

“இதுவழி ஆரையும் விடப்பிடாதுண்ணு சொல்லியிருக்காவ சித்தி. அந்தப் பக்கமாட்டு சுத்திப் போ.”

“சுத்திப் போனா ரெண்டு மைலு. காலு ஏலாது. எங்க அப்பனுக்க காலத்துலேந்து இதுதான வழி?”

அவர் பதில் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு வியாக்கியானம் தேவையில்லை. ‘நீர் மட்டும் இங்கே நிற்காதிருந்தால் எப்போதோ திறந்துவிட்டிருப்பேன்’ என்றது அது.

கிழவியும் என்னைப் பார்த்தாள். “நீங்க இதுக்குள்ளதான் தங்கியிருக்கியளா? ஒங்க ரூம்புலேந்து பாறை தெரியுமா?”

“தெரியும் அம்மா.”

“அப்ப கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. நாலு பேரு போனாவ. நாலு தலையும் தெரியுதாண்ணு.”

மாடிக்கு ஓடினேன். இரண்டு நாளாகக் கட்டிலில் கிடந்து பார்த்த அதே ஜன்னல். முதல் தடவையாக அதன் வழியே எதையோ தேடினேன். கண்ணாடியில் வெளிப்பக்கம் உப்புப் படிந்திருந்தது. அலை பாறைக்குமேல் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு தலை தெரிந்தது. இரண்டு. வலது ஓரத்தில் மூன்றாவது. மறுபடியும் எண்ணினேன், மூன்றுதான். எட்டிப் பார்க்கலாம் என்றால் ஜன்னல் திறக்காது. நாளொன்றுக்கு 2,200 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கிய காட்சியில் ஒரு மனிதன் குறைந்தான்.

கீழே வந்து சொன்னேன். வாட்ச்மேன் ஒன்றும் பேசாமல் கேட்டைத் திறந்தார். கிழவி முன்னால் போனாள், அவர் பின்னால் போனார், நானும் போனேன்.

நாலாவது பையன் பாறையின் மறுபக்கத்தில், அலைக்கு எட்டாத ஒரு பொந்தில் நின்றுகொண்டு, மற்ற மூவரையும் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். கடல் கெட்டிருப்பதை முதலில் கண்டு ஏறியவன் அவன்தான். கிழவியின் மகனும் அவன்தான். “நீ எதுக்கு வந்த?” என்று தாயாரை அதட்டினான். அவள் கூடையாலேயே அவன் முதுகில் ஒரு போடு போட்டாள். (இதையே கதையாக எழுதியிருந்தால் அந்தப் பையனைக் கடலுக்குக் கொடுத்திருப்பேன். பத்திரிகை ஆசிரியருக்கும் திருப்தியாக இருந்திருக்கும். நடந்தது இவ்வளவுதான்.)

திரும்பி வரும்போது கிழவி தன் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டு வந்தாள். “நேத்து எனக்க நெத்திலியையும் எடுக்கச் சொல்லிட்டாவ. பாதி காஞ்சத அள்ளினா புழுக்காம என்ன செய்யும்? ஆரோ தங்க வந்த சாரு நாத்தம் அடிக்குண்ணு சொன்னாராம்.”

அந்த ஸார் யார் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்லுகிறேன்.

அன்று ராத்திரி ஹோட்டலின் அபிப்பிராயப் புத்தகத்தை வாங்கிப் படித்தேன். நாவலைவிட அது சுவாரசியமாக இருந்தது. படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள், என்னைப்போல் கதை படிக்கிறவர்கள் எழுதியவை. ‘கருவாட்டு நாற்றம்.’ ‘விடியற்காலையில் மாதா கோயில் ஒலிபெருக்கி.’ ‘பாறையில் துணி காயப் போடுகிறார்கள், புகைப்படம் கெடுகிறது.’ ‘ஊர்ப் பையன்கள் ஹோட்டலுக்கு நேர் எதிரே குளிக்கிறார்கள்.’ ஒவ்வொன்றின் கீழும் மானேஜர் அழகான கையெழுத்தில் ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தார். அந்த மனிதரைக் கோபித்து என்ன பயன்? நாம் சொன்னதை அவர் செய்தார். அந்த ஊரை அந்த ஊரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அப்புறப்படுத்துகிறவர்கள் நாம்தான். மூன்று நாள் தங்கிவிட்டுப் போகிறவர்கள்.

‘அவர்கள் இடம், அவர்கள் வேலி, உனக்கு என்ன?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இடம் அவர்களுடையதாக இருக்கலாம். கடற்கரை அவர்களுடையது அல்ல. 1981 நவம்பரில் அப்போதைய பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநிலங்களின் முதலமைச்சர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். உச்ச வேலியேற்றம் தொடும் இடத்திலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரையைச் சும்மா விடுங்கள் என்று. அதிலிருந்து முளைத்ததுதான் 1991 பிப்ரவரியில் வந்த கடலோர ஒழுங்குமுறை விதி. கிராமத்துக் கடற்கரையில் முதல் 200 மீட்டருக்குள் புது ஹோட்டல் கூடாது என்றது அது. அதற்கு அப்பால் கட்டினாலும் தரையும் ஒரு மாடியும்தான். உயரம் 9 மீட்டரைத் தாண்டலாகாது. இரண்டு ஹோட்டல்களுக்கு நடுவே பொதுமக்கள் கடலுக்குப் போக 20 மீட்டர் அகலமாவது விட வேண்டும். வேலி போடலாம், அந்த வேலி கடற்கரைக்குப் போகிறவர்களைத் தடுக்கலாகாது. 1996 டிசம்பரில், பியாஸ் நதிக்கரையில் ஒரு ஹோட்டல் நதியின் போக்கையே திருப்பிய வழக்கில், உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது: கடற்கரை, ஓடும் நீர், காற்று, காடு இவையெல்லாம் ஜனங்களுக்காக அரசாங்கம் தர்மகர்த்தாவாக வைத்திருக்கும் சொத்து என்று. தர்மகர்த்தா சொத்தில் ஜன்னல் வாடகை வசூல் பண்ணுகிறவர்களுக்கு நாம் ரசீது கேட்காமல் பணம் கொடுக்கிறோம்.

விதி இருக்கிறது, அது தேய்ந்துகொண்டும் வருகிறது. 1994இல் அதைத் தளர்த்த ஒரு திருத்தம் வந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் அதில் சிலவற்றைத் தள்ளியது. 2011இல் ஒரு புது விதி வந்தது. 2019இல் இன்னொன்று. இந்தக் கடைசி விதியில், சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்குமேல் நெருக்கியடித்து வாழ்கிற கடற்கரைக் கிராமங்களில் அந்த 200 மீட்டர் 50 மீட்டராகச் சுருங்கிவிட்டது. மீனவருக்கே வீடு கட்ட இடம் கிடைக்குமே என்று சமாதானம் சொல்லலாம். கிடைக்கட்டும். ஆனால் காலங்காலமாக நெருக்கியடித்து வாழ்ந்ததற்குப் பரிசாக அவர்கள் கரைக்கு இன்னும் 150 மீட்டர் அருகே யார் யாரெல்லாம் வந்து நிற்கப்போகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டாமா?

எனக்கு இன்னொரு சந்தேகம். இந்த விதிகளை எழுதியவர்கள் மணற்கரையை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். அந்த 20 மீட்டர் வழி ஒரு செங்குத்துப் பாறையின் விளிம்பில் போய் முடிந்தால் என்ன செய்வது? காகிதத்தில் வழி விட்டாயிற்று, இறங்கத்தான் முடியாது. பாறைக் கரையில் வழி என்பது சர்வேயர் கோடு அல்ல. எந்தக் கல்லில் கால் வைத்து எந்தக் கல்லுக்கு இறங்கலாம் என்று நூறு வருஷமாகக் காலால் தேய்த்துக் கண்டுபிடித்தது. அதை அடைத்துவிட்டு வேறிடத்தில் 20 மீட்டர் அளந்து கொடுப்பது, வீட்டு வாசலை அடைத்துவிட்டுச் சுவரில் கதவுப் படம் எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

‘ஊருக்கு வேலை கொடுக்கிறார்களே!’ என்பது அடுத்த வாதம். கொடுக்கிறார்கள், மறுக்கவில்லை. ஒக்கியில் பிழைத்து வந்த ஒரு கடலோடிக்கு, தன் சித்தியைக் கேட்டில் தடுத்து நிறுத்துகிற உத்தியோகம் கொடுத்திருக்கிறார்கள். அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்தக் கேட் திறந்தே கிடந்தால் அவர் சம்பளம் குறைந்துவிடுமா? தோட்டம் பார்த்த அறைகளை யாரும் எடுக்காமல் போய்விடுவார்களா? வேலை கொடுப்பதற்கும் வழியை அடைப்பதற்கும் என்ன சம்பந்தம்?

ஹோட்டலே கூடாது என்பது என் கட்சி அல்ல. பயணம் செய்யாவிட்டால் எழுத்தாளன் என்ன எழுதுவது? கட்டத் தெரிந்தவர்கள் கட்டியிருக்கிறார்கள். கோவளத்தில் சார்லஸ் கொர்ரேயா 1970களில் கட்டிக்கொடுத்த ஹோட்டல், குன்றின் சரிவோடு சரிவாகப் படிபடியாக இறங்குகிறது. கரையை மறித்து மதில்போல் எழும்பி நிற்கவில்லை. தள்ளிக் கட்டலாம், தாழக் கட்டலாம். கடல் ஒன்றும் ஓடிப்போய்விடாது. காலையில் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, அரை மைல் நடந்து, ஊர் நடுவே போய்க் கடலைப் பார்த்தால் நம் கௌரவத்துக்கு என்ன குறைந்துவிடும்?

எங்கள் ஜாதியையும், அதாவது கதை எழுதுகிறவர்களையும், நான் விடப்போவதில்லை. இந்த ஜன்னல்களுக்குக் கண்ணாடி போட்டதில் எங்களுக்கும் பங்கு உண்டு. கதாநாயகனையும் கதாநாயகியையும் பாறைமேல் உட்கார்த்தி, அலையை முத்து முத்தாகச் சிதறவிட்டு, நிலாவை ஏற்றி, எத்தனை அத்தியாயம் எழுதியிருக்கிறோம்! நானே மூன்று எழுதியிருக்கிறேன். அந்தப் பாறைகளில் ஒரு வலை காய்ந்ததில்லை. ஒரு குழந்தை காக்கை ஓட்டியதில்லை. ஆனால் நம் பழம் புலவர்களுக்குக் கடற்கரை அப்படி இருக்கவில்லை. நற்றிணையில் 45ஆம் பாட்டைப் பாருங்கள். தேரில் வந்த செல்வந்தனிடம் தோழி பேசுகிறாள். அவள் தலைவி கடலில் மீன் பிடிக்கும் பரதவர் பெண். சுறாவின் துண்டங்களைக் காயவைத்துப் பறவை ஓட்டுகிறவள். எங்கள் மேல் புலால் நாறும், தள்ளி நில்லும் என்று அவனிடம் சொல்லுகிறாள். வந்தவன்தான் தள்ளி நிற்க வேண்டும்! நாறுகிறது என்று மானேஜரிடம் சொல்லி அவளை அப்புறப்படுத்த அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை, பாவம். அந்தக் காலத்தில் அபிப்பிராயப் புத்தகம் இல்லை.

நாவலின் கடைசி அத்தியாயத்தில் எனக்கும் ஒரு பாறை இருந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்தேன்.

கிளம்புகிற அன்று காலையில் மானேஜரைத் தனியாகப் பார்த்து, நெத்திலி விஷயமாக நான் சொன்னது தமாஷுக்கு, அந்த அம்மாளைத் திரும்ப அங்கேயே உலர்த்தச் சொல்லுங்கள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, “அது பரவாயில்லை ஸார், நீங்கள் சொல்லாவிட்டாலும் சீசனுக்கு முன்னால் சுத்தம் செய்வதாகத்தான் இருந்தோம்” என்றார். என்னைச் சமாதானப்படுத்துகிறாராம்! வாட்ச்மேனைத் தேடினேன். அன்று அவருக்கு ராத்திரி ட்யூட்டி என்றார்கள்.

ஊருக்கு வந்ததும் ஹோட்டல் முதலாளிகளுக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினேன். வழியைத் திறந்துவிடுங்கள், அது பொதுவழி என்று கேட்டிலேயே தமிழில் ஒரு பலகை எழுதிப் போடுங்கள், கள்ளக்கடல் எச்சரிக்கையைச் சூரியோதயத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள், கருவாட்டை விட்டுவிடுங்கள் என்று. ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. என் மேலான யோசனைகளுக்கு நன்றி தெரிவித்திருந்தார்கள். அடுத்த முறை நான் வரும்போது, கடல் பார்த்த அறைக்கு நூற்றுக்குப் பத்து ரூபாய் வீதம் தள்ளுபடி செய்வார்களாம்.